கடைசியில் எஞ்சும் சிப்பாய்

தீபாவளி கழிந்தபின் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்திருப்பது வழக்கம். சாத்தூர், வெம்பக்கோட்டைச் சாலைகளில் விடியற்காலையிலேயே ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளை அந்நாள்களில் காண இயலாது. தந்தையரைப் பகலிலும் வீட்டில் பார்க்கும் பேறு பிள்ளைகளுக்குக் கிட்டுவது அப்போதுதான்.

அத்தகைய நாளொன்றில், நம் வட்டாரத்துப் பள்ளித் தாழ்வாரம் ஒன்றில் சிறுவர்க்கான சதுரங்கப் போட்டி நடந்தது. நாமும் சென்றிருந்தோம். மாலையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தோற்றுப்போனாள். அவளை அழைத்து வந்திருந்த தந்தை மருந்து கலக்கும் தொழிலாளி. "கையில் இருந்ததைக் கோட்டை விட்டாயே! பேருந்துக் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் போனதுதான் மிச்சம்" என்று எல்லார் காதிலும் விழும்படி அதட்டினார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. வேலையில்லாத வாரத்தில் அந்தத் தொகை அவருக்குப் பெரிது.

சிறுமி அழவில்லை. பலகையில் இரண்டு ராஜாக்களையும் ஒரு வெள்ளைச் சிப்பாயையும் வைத்தாள். "இங்கேதான் அப்பா தவறிவிட்டேன். ராஜாவை முன்னே விட்டிருக்க வேண்டும், சிப்பாயைத் தள்ளிவிட்டேன். வெல்ல வேண்டியது நழுவிப்போனதும் அவசரப்பட்டு அந்தச் சிப்பாயையும் பறிகொடுத்தேன். அவளுடைய சிப்பாய்தான் கடைசியில் ராணியானது" என்றாள்.

அவள் சொன்னது எத்துணைப் பெரிய பாடம் என்பதை ஆட்டம் அறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்குவோம். மற்றக் காய்கள் எல்லாம் வெட்டுண்டு, ஒருவரிடம் ராஜாவும் சிப்பாயும், மற்றவரிடம் ராஜா மட்டும் மிஞ்சுவதுண்டு. சிப்பாய் எதிர்க்கோடி வரிசையை எட்டினால் ராணியாகிவிடும், ஆட்டமும் முடிந்தாற்போலத்தான். ஆனால் சிப்பாயை முன்னே அனுப்பிவிட்டு ராஜா பின்தொடர்ந்தால் பெரும்பாலும் சமனே கிட்டும். ராஜா முன்னே சென்று வழி திறக்க, சிப்பாய் பின்னே வரவேண்டும். நம் ராஜா ஆறாம் வரிசையில் சிப்பாய்க்கு முன்னே நின்றுவிட்டால், நகர்த்தும் முறை யாருடையதாயினும் வெற்றி நமதே. ஓரத்துச் சிப்பாய்க்கு மட்டும் இவ்விதி செல்லாது. எதிரி ராஜா மூலைக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டால் அவரை அங்கிருந்து அகற்ற முடியாது.

இதன் உட்பொருள் 'எதிர்நிலை' என்பது. ஒரே நேர்க்கோட்டில், ஒரு கட்டம் மட்டும் இடைவெளியிருக்க, இரு ராஜாக்களும் எதிரெதிரே நிற்கும்போது நகர்த்த வேண்டிய முறை யாருக்கு வருகிறதோ அவருக்கே பெரும்பாலும் நட்டம். அவர் ஒதுங்கி வழிவிட்டாக வேண்டும். முதலில் கற்க வேண்டியது இந்த இறுதிக்கட்ட ஆட்டமே என்று வற்புறுத்தினார், 1921 முதல் 1927 வரை உலக வெற்றிவீரராய் விளங்கிய கியூபா நாட்டுக் காப்பபிளாங்கா. நம் பிள்ளைகளோ பத்துத் தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்துகொண்டு போட்டிக்கு வருகிறார்கள்.

இது சிறுவர் பாடந்தானே என்று எண்ணிவிட வேண்டாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டமே இதனால்தான் முடிவாயிற்று. சீன வீரர் டிங் லிரனும் சென்னை இளைஞர் குகேசும் தலைக்கு 6.5 புள்ளிகளுடன் 14ஆவது ஆட்டத்திற்கு வந்தனர். குகேசிடம் ஒரு சிப்பாய் மிகுதி. ஆயினும் சமன் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 55ஆவது நகர்த்தலில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேசு யானையை மாற்றினார். உடனே தம் மந்திரியை எதிரே நிறுத்தி, மந்திரிகளும் மாறும்படி செய்துவிட்டார். எஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. 58ஆவது நகர்த்தலில் இரு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நின்றனர். நகர்த்த வேண்டியவர் டிங். அவர் தோல்வியை ஒப்பினார். பதினெட்டு வயதில் குகேசு உலக வெற்றிவீரரானார்.

இந்த மரபு ஒரு நாளில் தழைத்ததன்று. பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மானுவேல் ஆரோன், 1960இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக வெற்றிவீரர் மாக்ஸ் யூவேயை வென்றார். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்திலும் அவருடைய பங்கு பெரிது. அங்கே ஆடி வளர்ந்த ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். 2013இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய உலகப் பட்டப் போட்டியைப் பார்வையாளராய்க் கண்ட சிறுவனே குகேசு.

நம் சபைக்கும் இவ்விளையாட்டுக்கும் பழைய உறவுண்டு. ஸ்பானியத் தொடக்கம் எனப்படும் ஆட்டமுறைக்குப் பெயர் தந்த ருய் லோப்பஸ், 1561இல் சதுரங்க நூல் வெளியிட்ட ஒரு குருவானவர். அவிலா தெரேசம்மாளும் ஜெபத்தைப் பற்றி எழுதுகையில் சதுரங்கத்தை உவமை காட்டினார். பிறகு அதே நூலைத் திருத்தி எழுதும்போது அப்பகுதியை விட்டுவிட்டார். நாம் மந்திரி என்னும் காயை ஆங்கிலேயர் ஆயர் என்கிறார்கள். மூலைவாட்டில் மட்டுமே செல்லும் அக்காய்க்கு அப்பெயர் ஏன் வந்ததென்று நம் ஆயர்களைக் கேட்கத் துணிவில்லை!

சதுரங்கம் கற்பிப்போர் பெற்றோரிடம் ஒளிக்கக்கூடாத உண்மை ஒன்றுண்டு. குகேசின் தந்தை ஒரு மருத்துவர். மகனுடன் ஊர் ஊராய்ச் செல்லத் தம் தொழிலையே ஒதுக்கி வைத்தார். அவருக்கே செலவு பெரும்பாரமாயிற்று. நாள்கூலி பெறும் நம் தொழிலாளி அவ்வாறு செய்ய இயலுமா? ஆகவே நகையை அடகு வைத்துத் தொலைதூரப் போட்டிகளுக்கு அலைய வேண்டாம் என்பதே நம் கருத்து. பள்ளியிலோ பங்கு இல்லத்திலோ ஓர் அலமாரியில் நான்கு பலகைகளும் ஓர் ஆட்டக் கடிகாரமும் இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். ஆடிய ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டும். அதற்குச் சிவகாசியில் பஞ்சமா? ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் ஒன்றாய் அமர்ந்து, எங்கே பிசகிற்று என்று தேடவேண்டும். பெரிய வீரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். தோற்ற பிள்ளையை அடிக்கிற வீட்டில் அந்த நோட்டு மறுபடி திறக்கப்படுவதில்லை. இதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

அன்று அச்சிறுமியின் தந்தை சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். மருந்து கலக்கையில் எடை பிசகினால் என்ன ஆகும் என்பதை அறிந்த மனிதர் அவர். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே அமர்ந்தார்.

"எனக்கு இது தெரியாதேம்மா" என்றார்.

"தெரிய வேண்டாம் அப்பா. நீங்கள் கறுப்பு ராஜா. என் ராஜாவுக்கு வழிவிடாமல் நில்லுங்கள், பார்ப்போம்" என்றாள் அவள்.

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று நாம்தான் அவர்களை எழுப்ப வேண்டியதாயிற்று.