சிதையும் சிலிக்கன் பாலிமர்கள்

மண்ணில் மக்காத பிளாஸ்டிக் பெருகிவருவதால், பயன் முடிந்ததும் சிதையும் பாலிமர்களை விஞ்ஞானிகள் தேடிவருகின்றனர். சிலிக்கன் கலந்த பாலிமர்கள் அவற்றுள் ஒருவகை.

சிறு மூலக்கூறுகள் இணையும்போது நீர், ஹைட்ரஜன் குளோரைடு போன்ற எளிய பொருளொன்று வெளியேறுமாயின், அது குறுக்க வினை எனப்படும். டைமெத்தில் டைகுளோரோசிலேன் என்னும் திரவம் நீருடன் வினைபுரிந்தால் சிலிக்கோன் உண்டாகிறது. அதன் சங்கிலி நீரால் எளிதில் சிதையாது. நீருக்குப் பதிலாக, இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளையுடைய ஆல்கஹாலைச் சேர்த்தால், சங்கிலியில் சிலிக்கன்–ஆக்ஸிஜன்–கார்பன் பிணைப்புகள் அமைகின்றன. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடைக் காரத்தால் அகற்றுதல் வேண்டும். கலத்தில் ஈரமும் இருத்தலாகாது.

இப்பிணைப்பை நீர் அறுக்கும். அமிலம் கலந்த நீர் விரைந்து அறுக்கும். சிலிக்கனைச் சூழ்ந்துள்ள தொகுதிகள் மெத்தில் போன்று சிறியனவாயின் சிதைவு விரைவாகும். ஐசோபுரொப்பைல் போன்று பருத்தனவாயின், அவை நீரைத் தடுப்பதால், சிதைவு தாமதமாகும். ஆதலின் சிதையும் காலத்தை முன்னரே வகுத்துக்கொள்ளலாம். மருந்தை உடலில் மெல்ல வெளியிடும் நுண்துகள்களுக்கு இப்பண்பு ஏற்றது.

ஆயினும் சிதைதல் வேறு, மறைதல் வேறு. சங்கிலி அறுந்ததும் ஆல்கஹால் மீள்கிறது. சிலிக்கன் பகுதிகளோ தம்முள் மீண்டும் குறுக்க வினையுற்று, நிலையான சிலிக்கோனாக மாறக்கூடும். எனவே, எஞ்சுவது யாது என்று ஆராய்ந்த பின்னரே ஒரு பாலிமரைத் தீங்கற்றதெனக் கொள்ளுதல் தகும்.