உங்களுக்குத் தெரியுமா?

விக்கிரமசிங்கபுரத்தை அடுத்து, தாமிரபரணி ஆற்றில் உள்ள பாபநாசம் அருவி, தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியம் டேனியல் ஆகிய ஆங்கில ஓவியர்களால் 1792-இல் நேரில் கண்டு வரையப்பட்டு, பின்னர் இலண்டனில் செப்புத்தகட்டில் அமிலத்தால் அரிக்கப்பட்டு அச்சோவியமாக வெளிவந்தது. 144 படங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' என்னும் பெருந்தொகுப்பில் தாமிரபரணிக்கு இவ்வாறு ஓர் இடம் கிடைத்தது.

• அவர்கள் கையாண்ட முறை 'அக்வாடின்ட்' எனப்படும்: தகட்டின்மீது பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்தபின் அமிலத்தில் இட்டால், துகள்களின் இடைவெளிகள் மட்டும் அரிக்கப்பட்டு, நீர்வண்ணம் போன்ற மென்மையான நிழற்சாயல் உண்டாகும். அருவியின் நீர்த்திரைக்கு இதைவிடப் பொருத்தமான முறை அரிது.

• இதே அமிலம் கோடுகளை மட்டும் அரிக்கும் மூத்த முறையில், பிரான்சின் ரொகோகோ பாணிக் கலைஞர் அந்துவான் வாத்தோ (1684–1721), படைப்பிரிவில் சேரச் செல்லும் புதிய வீரர்களைத் தம் கையாலேயே தகட்டில் வரைந்தார். அதைச் செதுக்குளியால் நிறைவு செய்தவர் செதுக்கோவியர் தொமாசேன். நளினமும் கேளிக்கையும் மிகுந்த அக்கலைப்பாணியில், வெற்றி முழக்கமின்றி நடந்து செல்லும் எளிய வீரர்களை முதன்மைப்படுத்தியது வாத்தோவின் தனிச்சிறப்பு.

• டேனியல்களின் தென்னகப் பயணத்துக்கும் படைவீரர்களுக்கும் தொடர்பு உண்டு: திப்பு சுல்தானுக்கு எதிரான மூன்றாம் மைசூர்ப் போர் (1790–92) முடிந்த கையோடு, இலண்டனில் பேசப்பட்ட கோட்டைகளை வரையும் நோக்குடன் புறப்பட்டே அவர்கள் தெற்கே குமரிமுனை வரை வந்தனர்.