ஊசிக்குப் பின் வந்ததா, ஊசியால் வந்ததா?

சில மாதங்களுக்கு முன் எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு தாய் தம் பத்து மாதப் பெண் குழந்தையுடன் வந்தார். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்கான நாள் கடந்து ஒரு மாதமாகியிருந்தது. அவருடைய மூத்த மகனுக்கு ஆட்டிசம் இருப்பது முன்பே உறுதியாகியிருந்தது. "பெரியவனுக்கு ஒன்றரை வயதில் இந்த ஊசி போட்ட மறு மாதமே பேச்சு நின்றுவிட்டது, டாக்டர். இவளுக்கும் போடத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்.

இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் தாய் தாம் கண்டதைத்தான் சொன்னார். ஊசி முன்னே, பேச்சு நின்றது பின்னே, இரண்டும் நடந்தவை. முன்னது பின்னதற்குக் காரணமா என்பதே கேள்வி. அதற்கு ஒரு குழந்தையைப் பார்த்து விடை சொல்ல எவராலும் இயலாது, மருத்துவராலும் இயலாது.

நம் வீடுகளில் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதும் பெரும்பாலும் ஒரு வயதையொட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோதான். ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள்தான். அரசு அட்டவணைப்படி தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களில் இடப்படுகிறது. ஆகவே காது குத்திய பின் பேச்சு குறைந்த குழந்தைகளும் பலர் இருப்பார்கள். ஆயினும் தட்டாரைக் குறை சொல்லி எவரும் எங்களிடம் வந்ததில்லை. இன்னொன்றும் உண்டு. பிற்காலத்தில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளின் முதல் பிறந்த நாள் வீடியோக்களை ஆய்வாளர்கள் பார்த்தபோது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, முகம் பார்க்காமை போன்றவை அப்போதே பலரிடம் தென்பட்டன. பெற்றோர் அவற்றைக் கவனியாதது குற்றமன்று. அந்த வயதில் பயிற்சி பெற்ற கண்ணுக்கே அவை எளிதில் புலப்படுவதில்லை.

இந்த அச்சம் உலகெங்கும் பரவியதற்கு ஒரு கட்டுரை பெருங்காரணமாயிற்று. 1998 பிப்ரவரியில் 'தி லான்செட்' என்னும் பிரிட்டன் மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதியது அது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசிக்குப் பிறகு பிள்ளைகளின் நடத்தை மாறியதாகச் சில பெற்றோர் கூறியதை அது பதிவு செய்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குழந்தைகள் 12 பேர் மட்டுமே. ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பீடு ஏதும் இல்லை. ஊசி தயாரிப்பாளர்கள் மீது வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்ததைப் பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் பின்னர் வெளிக்கொணர்ந்தார். கட்டுரை எழுதியவர்களுள் பத்துப் பேர் 2004இல் அதன் முடிவுரையைத் திரும்பப் பெற்றனர். 2010இல் இதழ் கட்டுரையையே நீக்கியது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அகற்றப்பட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அச்சம் ஊர் ஊராகப் போய்விட்டது.

ஒருவர் நேர்மை தவறினார் என்பதால் மட்டும் ஊசி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அதைத் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும்; பார்த்தார்கள். டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. அவர்களுள் 6,517 பேருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது. எம்எம்ஆர் போட்டுக்கொண்டவர்களிடம், போடாதவர்களைவிட அது கூடுதலாக இல்லை. எங்களிடம் வந்த தாய்க்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி ஒன்றும் அந்த ஆய்வில் இருந்தது: ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காளோ இருக்கும் குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அவர்களிடமும் ஊசியால் ஆபத்து கூடவில்லை. இதை அவருக்கு ஒரு தாளில் எழுதியே காட்டினோம்.

"மருத்துவர்கள் தடுப்பூசிக்குச் சாதகமாகத்தானே பேசுவீர்கள்" என்று எங்களிடம் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் ஜப்பானைச் சொல்வோம். அங்கே எம்எம்ஆர் ஊசியில் சேர்த்திருந்த 'உராபே' என்னும் பொன்னுக்கு வீங்கி வைரஸ் வகை சில குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்குவது கணக்கெடுப்பில் தெரியவந்தது. 1993இல் அந்த ஊசியையே நிறுத்திவிட்டார்கள். சான்று ஊசிக்கு எதிராக நின்றபோது ஊசிதான் விலகிற்று. அதன் பின் யோகோஹாமா நகரின் ஒரு பகுதியில் ஆட்டிசத்தைக் கணக்கெடுத்தபோது, எம்எம்ஆர் போடாமலே வளர்ந்த குழந்தைகளிடமும் அது குறையவில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

இப்போது இடப்படும் ஊசிக்கும் பக்க விளைவுகள் இல்லாமலில்லை. காய்ச்சல் வரலாம். அது அன்றிரவே வராமல், பெரும்பாலும் 7 முதல் 12 நாட்களுக்குள் வரும் என்பதால் பெற்றோர் குழம்பிப்போகிறார்கள். எம்எம்ஆர் ஊசிக்குப் பின் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 குழந்தைகளுள் ஒருவருக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வருவதுண்டு. பார்க்க அச்சமூட்டினாலும் அது நிலையான பாதிப்பை ஏற்படுத்துவதில்லை. தட்டம்மை நோயிலோ ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவருக்கு மூளை அழற்சி நேர்கிறது. நோய் ஆறிப் பல ஆண்டுகள் கழித்து மூளையைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் எஸ்எஸ்பிஇ என்னும் கொடிய நோயும் அரிதாக உண்டு. பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை அந்நிலையில் தூக்கி வரும் பெற்றோருக்குச் சொல்ல எங்களிடம் ஆறுதல் மொழி இல்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோருக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பிரிட்டனில் இதன் விளைவு பல ஆண்டுகள் தாமதித்து வந்தது: வேக்ஃபீல்டு காலத்தில் ஊசி தவறவிட்ட பிள்ளைகள் வளர்ந்து நின்றபோது, 2012-13இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை கண்டது. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் இறந்தார்.

அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவதையும் அம்மனை வேண்டிக்கொள்வதையும் நாங்கள் ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை. அந்த நம்பிக்கைக்கும் ஊசிக்கும் வழக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்களே எங்களிடம் மிகுதி.

அந்தத் தாய் அன்று ஊசி போடாமலே திரும்பினார். பன்னிரண்டு நாட்கள் கழித்துக் கணவருடனும் மாமியாருடனும் வந்தார். மாமியாரின் கவலை வேறாக இருந்தது: பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறதே, இன்று போடலாமா? லேசான சளியும் இருமலும் தடையல்ல என்றோம். முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை கண்டவர்களுக்கும், புற்றுநோய் மருந்து முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்குமே இவ்வூசி ஆகாது. நாள் தவறிவிட்டது என்பதற்காகவும் விட்டுவிட வேண்டியதில்லை, தாமதமாகவேனும் போடலாம். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் எங்கள் கண் முன்னே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் எடைக்கேற்பக் கொடுக்க வேண்டிய பாராசிட்டமால் அளவை எழுதி வாங்கினார்கள். மூத்தவனின் பேச்சுப் பயிற்சிக்கான நாளையும் அதே தாளில் குறித்துக் கொடுத்தோம்.