நலவாழ்வுத் திட்டமிடலில் எவர் குரல்?

நோய்க்குக் காரணம் மக்களின் அறியாமையே, விழிப்புணர்வுப் பரப்புரையே அதற்குத் தீர்வு என்னும் பார்வை பொதுச் சுகாதாரக் கொள்கையில் வேரூன்றியுள்ளது. தொடர்பியல் அறிஞர் மோகன் தத்தா இதனை மறுக்கிறார். மேற்கு வங்கச் சந்தால் பழங்குடியினரிடையே கள ஆய்வு செய்த அவர், நலவாழ்வைப் பண்பாடு, சமூகக் கட்டமைப்பு, மக்களின் செயலாற்றல் ஆகிய மூன்றையும் இணைத்தே புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். உணவையும் மருத்துவத்தையும் எட்டாத தொலைவில் வைக்கும் அதே கட்டமைப்புதான் மக்களின் குரலையும் திட்டமிடும் அவைக்கு வெளியே நிறுத்துகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

கழிவுநீர்த் தொட்டி மரணங்களை இவ்வாதத்தின் துணையோடு நோக்குவோம். 'பாதுகாப்புக் கவசம் அணியவில்லை' என்று இறந்தவர் மீதே பழி விழுகிறது. அவரை உள்ளே இறக்கிய சாதியமைப்பு விசாரிக்கப்படுவதில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இம்மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதனை வரவேற்கிறோம். ஆயினும் இழப்பீடு இறப்புக்குப் பின்னரே வருகிறது.

இறப்புக்கு முன்பே குரல் கேட்கப்படவும் சட்டத்தில் வழியுண்டு. கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அச்சமூகத்தின் சார்பாளர்களும் இடம்பெற வழிசெய்கிறது. ஆனால் அவர்களை நியமிப்பவர் மாவட்ட ஆட்சியரே. எவரை நியமித்தார், குழு எத்தனை முறை கூடியது, அங்கே எவர் பேசினார் என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் நாம் கேட்டாக வேண்டும்.