நாற்காலி கேட்டவர்கள்

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கம்போளத்தைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் ஆ. மாதவனின் எழுத்து வழியாகத்தான் அறிவார்கள். திருவனந்தபுரத்தின் அந்தத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு கதை எழுதியவர் அவர். யார் யாருக்கு அடங்கி, எதையெல்லாம் பொறுத்துக்கொண்டு பிழைக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். நாலு பேர் வேலை பார்க்கும் கடையில் ஒருவரை மட்டும் தினமும் படுத்தி எடுப்பது எந்தக் கடைத்தெருவிலும் நடக்கக்கூடியது. பெரிய ஆபீசிலும் நடக்கும். கண்டிப்பு எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது என்பதுதான் பலருக்கும் பிடிபடுவதில்லை.

1980களில் சுவீடனில் ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து, குறிவைக்கப்பட்டவருக்கு இழைக்கப்படும் 45 வகைச் செயல்களைத் தொகுத்தார். பேச்சை வெட்டுவது, ஆள் இருப்பதையே கண்டுகொள்ளாதது, தகுதிக்குக் கீழான வேலையைத் தலையில் கட்டுவது, முதுகுக்குப் பின்னால் பேசுவது என்று போகிறது அந்தப் பட்டியல். தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று புகார் சொல்பவரையே மடக்கிவிடலாம். அதனால் லேமன் ஒரு அளவு வைத்தார்: வாரம் ஒருமுறையாவது, ஆறு மாதமாவது நடந்திருக்க வேண்டும். சரக்கு உடைந்த அன்று முதலாளி கத்துவது இதில் சேராது. நேற்று துணிக்கட்டை இந்தத் தட்டில் அடுக்கச் சொல்லிவிட்டு, இன்று வாடிக்கையாளர் முன்னால் "யாரு இங்க வைக்கச் சொன்னது?" என்று அதட்டுவதும், மாதக்கணக்கில் அதே ஆளிடம் இப்படியே நடந்துகொள்வதும் சேரும்.

உடம்பு இதைக் கணக்கு வைக்கிறது. மிரட்டல் வரும்போது சுரக்கும் அட்ரீனலினும் கார்ட்டிசாலும் அந்த நேரத்துக்கு உதவுபவை. காலையில் கடை திறக்கும்போதே நெஞ்சு படபடக்கும் ஒருவருக்கு அவை அடங்க வழியில்லை. தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. டென்மார்க், சுவீடன் நாடுகளில் 79,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018இல் வெளியானது. வேலையிடத்தில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு இதய, ரத்தநாள நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட 59 சதவீதம் அதிகமாக இருந்தது. காரணம் இது ஒன்றே என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் "மனசுக்குள்ள வச்சுக்காத" என்ற ஆறுதலால் தீரும் விஷயம் இல்லை என்பது தெளிவு.

நம் பக்கத்தில் இதற்கு எதிராக நடந்த பெரிய போராட்டம் ஒரு நாற்காலிக்காக நடந்தது. கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, 2009இல் 'பெண்கூட்டு' அமைப்பைத் தொடங்கினார். ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றார்கள். ஆளில்லாத நேரத்தில் சற்றுச் சாய்ந்தாலும் கண்காணிப்பு, திட்டு, சம்பளப் பிடித்தம். கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு வீடு போனார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும்; அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், நரம்பு புடைக்கும். உட்கார்ந்தால் வியாபாரம் கெட்டுவிடுமா? உன் உடம்பும் என் சொல்படிதான் என்று காட்டுவதே அந்தத் தடையின் நோக்கம் என்று நான் நினைக்கிறேன். 2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரில் ஆறு விற்பனைப் பெண்கள் ஒரு பெரிய ஜவுளிக்கடை முன்னால் போராட உட்கார்ந்தார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தூரத்துக் கிளைகளுக்கு மாற்றப்பட்டவர்கள் அவர்கள். நூறு நாளுக்கு மேல் எழவில்லை. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றது. 2021இல் தமிழ்நாடும் அதைச் செய்தது.

தனியாக நின்றவரால் முடியாததைச் சேர்ந்து நின்றவர்கள் முடித்தார்கள். படுத்துகிறவருக்குப் பலம் தருவது சுற்றி நிற்பவர்களின் மௌனம். பக்கத்து கவுண்ட்டர் சேச்சி "அவ சொன்னது சரிதான், நானும் கேட்டேன்" என்று ஒருமுறை சொன்னாலே ஆட்டம் மாறிவிடும். பாதிக்கப்பட்டவர் ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்ன சொல், உடன் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே எழுத வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கக் கூடாது. தினசரி நடந்தது என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

பிறகு எங்கே போவது? பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த கடையானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். மற்ற துன்புறுத்தலுக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. வேலையிட வன்முறை, தொல்லை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2021 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. சேர வேண்டும். அதுவரை காத்திருக்காமல் மாநிலங்களே ஒன்று செய்யலாம்: கடைக்குச் சோதனைக்குப் போகும் தொழிலாளர் அலுவலர் நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், முதலாளி இல்லாத இடத்தில் ஊழியர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேச வேண்டும் என்று உத்தரவிடலாம்.