வெள்ளியா, செம்பா?
ஆடியோ கேபிள்: காதை முந்தும் பர்ஸ்

மும்பை லேமிங்டன் ரோடானாலும் சரி, டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டானாலும் சரி, ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் தேர்வு செய்து முடித்தவருக்கு அதன் பிறகுதான் தலைவலி. இரண்டையும் இணைக்கும் கேபிள் செம்பிலா, வெள்ளியிலா?

வெள்ளி என்றால் ஓசை பளிச்சென்று இருக்கும், செம்பு இதமாக ஒலிக்கும் என்பது இசைப் பிரியர்களிடையே உலவும் நம்பிக்கை. இயற்பியல் அவ்வளவு தாராளமாக இல்லை. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். ஆனால் செம்பைவிட சுமார் 6 சதவீதமே அதிகம். விலையோ பல பத்து மடங்கு.

கணக்கு எளிது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட 5 மீட்டர் கேபிளின் மின்தடை, போக வரச் சேர்த்து சுமார் 0.07 ஓம். வெள்ளிக்கு மாறினால் குறைவது சுமார் 0.004 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சற்றே தடித்த செம்புக் கேபிளில் இதே பலன் கிடைத்துவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது, அணுகுண்டுத் திட்டத்தின் ராட்சத மின்காந்தங்களுக்கு அமெரிக்கா தன் கருவூலத்திலிருந்தே 13,000 டன்னுக்கும் அதிகமான வெள்ளியைக் கடன் வாங்கியது. காரணம், அப்போது செம்புக்குத் தட்டுப்பாடு.

உண்மையான தொல்லை கனெக்டரில்தான். ஈரக் காற்றில் செம்பில் களிம்பு ஏறுகிறது. காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கிறது. தங்கம் செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். ஆனாலும் களிம்பேறாது என்பதால்தான் கனெக்டருக்குத் தங்க முலாம். முலாம் எதுவானாலும், பிடிப்பு தளர்ந்தால் கரகரப்பு நிச்சயம்.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. செம்பு என்ற பெயரில், செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் விற்பனையாகிறது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

இன்னும் சந்தேகமா? நண்பர் ஒருவர் கேபிள்களை மாற்றி மாற்றிப் பொருத்தட்டும். எது எதுவென்று தெரியாமல், ஒரே பாட்டை ஒரே சத்தத்தில் பத்து முறை கேட்டுச் சொல்லிப் பார்க்கலாம். பாதிக்குப் பாதி தவறினால் அது வெறும் ஊகம். மிச்சமாகும் பணத்தில் இன்னும் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம். வெள்ளி கொலுசில் ஒலித்தால் போதும்.