உயர்தெளிவுத் திரையில் எழுத்தின் அளவு: சோதித்துப் பார்ப்பது எப்படி?

பேரன் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கி வைத்தான். படம் கண்ணாடி மாதிரி. ஆனால் கடைக் கணக்கைத் திறந்தால் எழுத்தெல்லாம் கடுகாகக் கிடக்கிறது.

காரணம் இதுதான். விண்டோஸ் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைத்திருக்கிறது. அச்சுக் கணக்கில் 72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஆகவே 12 பாயிண்ட் எழுத்துக்கு 16 பிக்சல். 24 அங்குல முழு எச்.டி. திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் இருப்பதால் அந்த 16 பிக்சல் 4.4 மில்லிமீட்டர் வரும். 27 அங்குல 4கே திரையிலோ அங்குலத்துக்கு 163. அதே எழுத்து 2.5 மில்லிமீட்டர்தான். அறுபது தாண்டிய கண்ணுக்கு இது ஆகுமா?

இதற்காகத்தான் 125, 150, 200 விழுக்காடு என்று பெருக்கும் வசதி. இப்போதைய எழுத்துருக்கள் வளைகோடுகளாக வரையப்பட்டவை. பெருக்கினால் கூர்மை கெடாது. கெடுப்பது மென்பொருள். இந்தப் பெருக்கலை அறியாத பழைய மென்பொருளை, 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதற்கொண்டு விண்டோஸே படம்போல இழுத்துப் பெரிதாக்குகிறது, எழுத்து மங்கும். அரைகுறையாக அறிந்தது இன்னும் மோசம். எழுத்தைப் பெருக்கும், அதன் கட்டத்தைப் பெருக்காது. மங்கலாயிருந்தால் கண்ணைச் சுருக்கிப் படிச்சிடலாம். வெட்டுப்பட்டால்? எனக்கு 1,25,000 என்பதன் கடைசிச் சுழி மறைந்து 1,25,00 என்று நின்றது. காற்புள்ளி இடம் தப்பியிருந்ததால் பிடித்தேன். இல்லாவிட்டால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்றே எடுத்திருப்பேன்.

தமிழுக்கு ஆபத்து மேலும் கீழும். ஆங்கில எழுத்தை வைத்துக் கட்டம் அளந்தவர்கள் நம் புள்ளியையும், 'கீ'யின் சுழியையும், 'ழூ'வின் காலையும் நினைப்பதில்லை. ஓலை கிழியும் என்று நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எங்கள் சமணர் வீட்டு ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். திரையில் புள்ளி வெட்டுப்பட்டால் 'கண்' 'கண' ஆகிவிடுகிறது. இதற்கு யார் உரை எழுதுவது?

சோதனைக்கு நான் தட்டும் சொற்கள்: ஸ்ரீபெரும்புதூர், தூத்துக்குடி, கீழ்வீதி, ஔவையார். கூடவே உங்கள் கணக்கில் வரக்கூடிய மிகப் பெரிய தொகை. 100, 125, 150, 175, 200 என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் விண்டோஸிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள். 200இல் சரியா இருக்குன்னு விட்டுடக் கூடாது. அது வெறும் இரட்டிப்பு. 13 பிக்சலை 125 விழுக்காடாக்கினால் 16.25. அந்தக் காலை எங்கே வைப்பது? குறை வெளிப்படுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு மானிட்டர் இருந்தால் ஜன்னலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்துப் பாருங்கள். திரைக்குத் திரை தனி அளவு என்பது 2013இல் விண்டோஸ் 8.1இல்தான் வந்தது, அதற்கு முந்தைய மென்பொருள் பல இதில் தடுமாறும். விண்டோஸ் 11இல் எழுத்தை மட்டும் 225 விழுக்காடு வரை கூட்டும் வசதியும் உண்டு. அதையும் தனியே சோதிக்கணும்.

மங்கலுக்கு ஒரு கைவைத்தியம்: மென்பொருளின் சின்னத்தில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே டி.பி.ஐ. அமைப்பை மாற்றலாம். வெட்டு என்றால், எத்தனை விழுக்காடு என்று குறித்து, ஸ்கிரீன்ஷாட்டுடன் செய்தவருக்கே அனுப்புங்கள். எனக்கு அந்தத் தொகைக் கட்டத்தை அகலப்படுத்தித் தர மூணு வாரம் ஆச்சு.